பாடப் படம் பிடிக்கப் பச்சைத் திரை அமைக்கும் முறை

நல்ல விதையும் நல்ல சாகுபடி முறையும் ஆராய்ச்சிப் பண்ணையில் இருந்தால் மட்டும் போதாது. அவை வேண்டியவருடைய காதுக்கும் கண்ணுக்கும் எட்டவேண்டும். 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல் தஞ்சை ஜில்லாவில் பரவியபோது, திருச்சி வானொலி நிலையத்தின் விவசாய ஒலிபரப்புகளைக் கேட்டே பலர் அதைப் பயிரிட முன்வந்தனர். அதனால் அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்ற பெயரே வழங்கலாயிற்று. அன்று காதால் மாத்திரம் கேட்டதை இன்று கண்ணாலும் காணலாம். விதை நேர்த்தி, நாற்றங்கால் பராமரிப்பு, மேலுரம் இடுதல் ஆகியவற்றைப் பத்து நிமிஷப் படமாகப் பிடித்துக் கைப்பேசி வழியாக ஊர் முழுவதற்கும் அனுப்பிவிடலாம். கிராம நிர்வாக அலுவலர்களும் பட்டா மாறுதல், அடங்கற் பதிவு முதலிய விஷயங்களை இவ்வாறே விளக்கலாம்.

இத்தகைய படம் எடுப்போர் பலர், பேசுபவருக்குப் பின்னே பச்சைத் துணியைக் கட்டிப் படம் பிடித்து, பின்னர் அத்துணியை நீக்கி, அவ்விடத்தில் வயலையோ வரைபடத்தையோ கணக்கு அட்டவணையையோ தோன்றச் செய்கின்றனர். முறை எளிது, செலவும் சொற்பம். ஆனால் விவசாயப் பாடத்திற்கு இதில் ஒரு விசேஷ அபாயம் உண்டு. அதை அறியாமல் நான் செய்த பிழையால் ஒரு குடியானவருடைய சம்பாப் பயிர் பட்டினி கிடக்க நேர்ந்தது. பிறரும் அப்பிழையைச் செய்யாதிருக்கும் பொருட்டு, திரை அமைக்கும் முறையையும் திரையைத் தவிர்க்கவேண்டிய சமயங்களையும் இங்கே எழுதுகிறேன்.

திரையின் தத்துவம்

கம்ப்யூட்டர் ஆளையும் அறியாது, துணியையும் அறியாது. அது அறிவது நிறம் ஒன்றையே. ‘இந்த நிறம் உள்ள இடத்தையெல்லாம் நீக்கிவிடு’ என்று நாம் கட்டளையிடுகிறோம். அந்நிறம் துணியில் இருந்தாலும் தோளில் கிடக்கும் துண்டில் இருந்தாலும், கையிற் பிடித்த நாற்றில் இருந்தாலும் அதற்குப் பேதமில்லை. ஆகையால் பேசுபவரிடத்திலும் அவர் காட்டும் பொருளிடத்திலும் இல்லாத நிறமே திரைக்கு ஏற்றது.

மனிதர் தோலில், அது கறுப்பாயினும் சிவப்பாயினும், சிவப்பு ஒளியின் பங்கே மிகுதி; பச்சையும் நீலமும் குறைவு. அதனால் அவ்விரு நிறங்களே திரைக்கு வழங்கி வருகின்றன. சினிமாவில் முதலிற் கையாளப்பட்டது நீலமே. 1940-ல் வெளிவந்த ‘தீஃப் ஆஃப் பாக்தாத்’ என்ற ஆங்கிலப் படத்தில் லாரி பட்லர் என்பவர் இம்முறையைக் கையாண்டார். அப்படத்தின் தந்திரக் காட்சிகளுக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. 1959-ல் வந்த ‘பென்-ஹர்’ படத்துக்காக பெட்ரோ விலாஹோஸ் என்பவர் அதை மேலும் செப்பனிட்டார்.

பிலிம் போய் மின்னணுக் காமெரா வந்தபின் பச்சைக்கு ஏற்றம் உண்டாயிற்று. கோடாக் கம்பெனியைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976-ல் பேடண்ட் பெற்ற அமைப்பே இன்றைய காமெராக்களிற் பெரும்பாலானவற்றில் உள்ளது. அதன்படி ஒளியை உணரும் புள்ளிகளிற் பாதி பச்சைக்கும், கால் பங்கு சிவப்புக்கும், கால் பங்கு நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆகவே பச்சையைக் காமெரா தெளிவாகப் பதிவு செய்கிறது. குறைந்த வெளிச்சத்திலும் புள்ளி விழுவது குறைவு. பட்டணத்து ஆசிரியர்கள் பச்சைத் துணியையே கட்டுவது இதனாற்றான். நம் பாடத்திலோ பயிரே பச்சை.

நான் செய்த பிழை

சில வருஷங்களுக்கு முன் ஒரு சம்பாப் பருவத்தில், இலை வண்ண அட்டையைக் கொண்டு மேலுரம் இடுவது பற்றி ஒரு படம் எடுத்தேன். ஊர்க் கூடத்திற் பச்சைத் துணி கட்டி, நன்கு உரமிட்ட வயலிலிருந்து பறித்த இலையொன்றைக் கையிற் பிடித்து, “இந்த நிறத்தில் இலை இருந்தால் இப்போது யூரியா வேண்டுவதில்லை” என்று சொன்னேன். துணியை நீக்கியபோது இலையிலும் ஆங்காங்கே ஓட்டை விழுந்தது. உடனே கம்ப்யூட்டரில் நீக்கும் அளவைக் குறைத்து, பச்சைச் சாயலைப் போக்கும் அளவை மிகுதியாக்கினேன். ஓட்டைகள் மறைந்தன, இலை முழுமையாகத் தெரிந்தது. காரியம் முடிந்ததென்று எண்ணிப் படத்தை அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவ்வூருக்குச் சென்றபோது, ஒரு வயல் வெளுத்துக் கிடக்கக் கண்டேன். தூர் குறைவு. இரண்டாம் மேலுரம் ஏன் இடவில்லை என்று வயலுக்குடையவரைக் கேட்டேன். அவர் தம் கைப்பேசியை எடுத்து என் படத்தையே எனக்குக் காட்டி, “ஐயா பிடித்திருக்கிற இலையும் இப்படித்தானே இருக்கிறது? இந்த நிறம் இருந்தால் யூரியா வேண்டாம் என்று ஐயாதானே சொன்னீர்கள்?” என்றார். பார்த்தேன். படத்தில் என் கையிலிருந்த இலை மஞ்சளாக இருந்தது. அன்றே உரமிடச் செய்தோம், இலை தேறியது. ஆனால் தூர் கட்டும் காலம் கடந்துவிட்டபடியால், குறைந்த தூர் குறைந்ததாகவே நின்றது. அவர் மேற் குற்றமில்லை. சொன்னதை நம்பினார், காட்டியதைக் கண்டார்.

இவ்வாறு நேர்ந்ததன் காரணம் பின்னரே விளங்கிற்று. ஒளியிற் சிவப்பும் பச்சையும் சமமாகச் சேர்ந்தால் மஞ்சள் உண்டாகும். இலையில் பச்சைப் பங்கு அதிகம், சிவப்பு அதனினும் குறைவு, நீலம் மிகச் சொற்பம். பச்சைச் சாயலைப் போக்கும்படி கட்டளையிட்டால், கம்ப்யூட்டர் பச்சைப் பங்கைச் சிவப்பின் அளவுக்கு வெட்டிவிடுகிறது. எஞ்சுவது மஞ்சள். செழித்த இலை தழைச்சத்து இல்லாத இலைபோல் தோன்றுவது இதனாலேயே. நீலத் திரையானால் கம்ப்யூட்டர் வெட்டுவது நீலப் பங்கை. இலையில் அது முன்னமே சொற்பமாதலால் இலையின் நிறம் கெடுவதில்லை.

எப்பாடத்திற்கு எத்திரை

நாற்று, இலை, களைச்செடி, பசுந்தாள் உரப்பயிர், பச்சைக் காய்கறி ஆகியவற்றைக் கையிற் பிடித்துக் காட்டும் பாடத்திற்கு நீலத் திரையே வேண்டும். இலை வண்ண அட்டைக்கும் அதுவே.

மயில் துத்தம் கொண்டு போர்டோக் கலவை தயாரிக்கும் பாடத்திற்கு நீலத் திரை ஆகாது, துத்தமே மறைந்துவிடும். சான்று விதை மூட்டையில் உள்ள நீல அட்டையைக் காட்டும்போதும் அப்படியே. இவற்றிற்குப் பச்சைத் திரை ஏற்றது.

பூச்சிமருந்து டப்பாவின் மேலுள்ள முக்கோண அடையாளத்தை விளக்கும் பாடத்திற்கு இரண்டும் ஆகா. சிவப்பு மிகக் கொடிய விஷத்தையும், மஞ்சள் கொடிய விஷத்தையும், நீலம் நடுத்தர விஷத்தையும், பச்சை சற்றே விஷமுள்ளதையும் குறிக்கும். நீலத் திரையின்முன் நீல முக்கோணமும் பச்சைத் திரையின்முன் பச்சை முக்கோணமும் கெடும். உயிருக்குரிய இவ்விஷயத்தில் வெள்ளைச் சுவரே போதும், திரை வேண்டாம்.

பொருள் ஒன்றையும் கையிற் காட்டாமல் வரைபடம், அட்டவணை, பாரம் ஆகியவற்றைப் பின்னே தோன்றச் செய்து பேசும் பாடத்திற்குப் பச்சையே உத்தமம். நீலத்திற்குப் பச்சையைவிட அதிக வெளிச்சம் தேவைப்படும் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

துணி

பளபளப்பில்லாத பருத்தித் துணி சிறந்தது. பட்டு, சாட்டின், பிளாஸ்டிக் தாள் ஆகியவை விளக்கொளியைத் திருப்பியடித்து வெள்ளைத் திட்டுக்களை உண்டாக்கும். நிறம் துணி முழுவதும் ஒரே சீராகவும் தூயதாகவும் இருக்கவேண்டும். கரும்பச்சையும் இளமஞ்சள் கலந்த பச்சையும் உதவா. படுக்கை விரிப்புக்குரிய அகன்ற பன்னாத் துணியாக வாங்கினால் தையல் வராது. தையல் தவிர்க்க முடியாததாயின், அது பேசுபவருக்கு நேர் பின்னே வராமல் ஓரத்தில் அமையுமாறு தைக்கவேண்டும்.

அளவை இவ்வாறு கணக்கிடலாம். காமெராவுக்கும் பேசுபவருக்கும் இடையே 8 அடி. பேசுபவருக்கும் துணிக்கும் இடையே 6 அடி. ஆகக் காமெராவிலிருந்து துணி 14 அடி. பேசுபவர் இருக்குமிடத்தில் 4 அடி அகலம் படத்தில் அடங்குமானால், துணி இருக்குமிடத்தில் அடங்குவது 7 அடி. ஆகவே 8 அடி அகலமும் 6 அடி உயரமும் உள்ள துணி, உட்கார்ந்து பேசுபவருக்குத் தாராளமாகப் போதும். இதனினும் சிறிய துணிதான் உண்டென்றாலும் பாதகமில்லை. பேசுபவருடைய உடலும் அசையும் கைகளும் துணிக்குள் அடங்கினாற் போதும். மற்ற ஓரங்களைக் கம்ப்யூட்டரில் வெட்டிவிடலாம்.

துணியை இஸ்திரி போட்டு, மேலே ஒரு மூங்கிற் கழியிற் சுற்றி, இரு பக்கமும் கிளிப்புகளால் இழுத்துக் கட்டவேண்டும். கீழ் ஓரத்தை மடித்துத் தைத்து மற்றொரு கழியைச் செருகிவிட்டால் அதன் பாரத்தாற் சுருக்கம் விழாது. சுருக்கம் ஒவ்வொன்றும் ஒரு நிழல். நிழல் ஒவ்வொன்றும் வேறொரு நிறம் என்று கொள்க. உபயோகம் முடிந்தபின் மடிக்காமற் சுருட்டி வைத்தல் நலம்.

இடமும் தூரமும்

பேசுபவரைத் துணியோடு ஒட்டி உட்காரவைப்பதே பெரும்பாலோர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் அவருடைய நிழல் துணியில் விழும். துணியின் நிறம் அவர்மேல் விழும். வெள்ளை வேஷ்டியும் நரைத்த தலையும் இந்நிறத்தை எளிதில் ஏற்கும். 6 அடி இடைவெளி விட்டால் இரண்டு தோஷமும் பெரும்பாலும் நீங்கும். ஆகையால் 16 அடிக்குக் குறையாத நீளமுள்ள கூடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பள்ளிக்கூட வகுப்பறையோ ஊராட்சிக் கட்டடத்துக் கூடமோ போதும்.

வெளிச்சம்

இவ்வேலையின் பலன் பெரும்பாலும் வெளிச்சத்தைப் பொறுத்தது. துணிக்கு வேறு விளக்கு, ஆளுக்கு வேறு விளக்கு என்பதே விதி. துணியின் இரு பக்கமும் சமதூரத்தில் இரண்டு எல்.இ.டி. விளக்குகளை வைத்து, 45 பாகை சாய்வில் துணியை நோக்கித் திருப்பவேண்டும். விளக்கின்முன் மெல்லிய வெள்ளைத் துணியைச் சற்று விலக்கிக் கட்டினால் ஒளி பரந்து விழும். சூடேறும் விளக்காயின் துணி அதைத் தொடாதபடி ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். மூன்றாவது விளக்கு பேசுபவருடைய முகத்துக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாக இருக்கட்டும். நிறத்தை உள்ளபடி காட்டுவதற்கு, சி.ஆர்.ஐ. எண் 90-க்குக் குறையாத விளக்கையே வாங்கவேண்டும். பயிர் நோயையும் இலை நிறத்தையும் காட்டுவோர்க்கு இது மிக அவசியம்.

நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று உடையது. அதனாற் சில விளக்குகள் வினாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்கு இது தெரியாது, காமெராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடி என்று நிறுத்தினால் படத்திற் பட்டை ஓடுவது நிற்கும்.

மின்சாரத்தை நம்ப முடியாத இடங்களில் பகல் வெளிச்சத்தையே கொள்ளலாம். வெயில் நேரே படாத ஜன்னலே வேண்டுவது. வடக்கு ஜன்னலே சிறந்ததென்று அயல்நாட்டு நூல்களிற் படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நம் பிரதேசத்தில் சித்திரை முதல் ஆவணித் தொடக்கம் வரையில் நடுப்பகற் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. அம்மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கலாம். மேகம் ஓடும் நாளில் வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். முற்றும் மூடிய நாளோ தெளிந்த நாளோ தான் ஏற்றது.

உடையும் பொருள்களும்

பச்சைத் திரையாயின் பச்சைச் சட்டையும் பச்சைக்கரை வேஷ்டியும் கூடா. விவசாய சங்கத்தார் தோளில் அணியும் பச்சைத் துண்டை ஒருவர் அணிந்து வந்தால், படத்தில் அவர் தோளில் வயல் தெரியும். நீலத் திரையாயின் நீலச் சட்டையை விலக்கவேண்டும். பித்தளைச் செம்பும் எவர்சில்வர்ப் பாத்திரமும் மூக்குக் கண்ணாடியும் துணியின் நிறத்தைத் திருப்பிக் காட்டும். இயன்றவரை அவற்றைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்கவேண்டும்.

காமெரா

கைப்பேசிக் காமெராவே போதும். அதைக் கையிற் பிடிக்காமல் முக்காலியிற் பொருத்தி, பேசுபவருடைய கண்மட்டத்தில் நிறுத்தவேண்டும். ஒளியளவையும் நிறச் சமன்பாட்டையும் பூட்டிவிடவேண்டும். இல்லாவிடில் கையை அசைக்குந்தோறும் காமெரா தானே அளவை மாற்றிக்கொள்ளும், திரையின் நிறமும் மாறும். கைப்பேசி இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறம் என்ற விகிதத்திலேயே நிறத்தைச் சேமிக்கிறது. அதனால் ஓரங்கள் அறுபட்டாற்போல் தோன்றும். 3840 × 2160 அளவிற் பிடித்துப் பின்னர் 1920 × 1080 அளவாகக் குறைத்தால் ஓரம் செம்மைப்படும். மின்விசிறியை நிறுத்திவிடுவது துணிக்கும் நல்லது, ஒலிக்கும் நல்லது.

நிறம் நீக்குதல்

இலவசமாகக் கிடைக்கும் ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்னும் மென்பொருளில் ‘குரோமா கீ’ என்ற வடிகட்டி உள்ளது. பச்சை அல்லது நீலம் என்று குறித்ததும் மூன்று அளவுகள் தோன்றும். ‘ஸிமிலாரிட்டி’ என்பது எவ்வளவு ஒத்த நிறம் வரை நீக்குவது என்பதையும், ‘ஸ்மூத்நெஸ்’ என்பது ஓரத்தின் மென்மையையும், ‘ஸ்பில் ரிடக்ஷன்’ என்பது மேலே படிந்த சாயலைப் போக்குவதையும் குறிக்கும். இவை முறையே 400, 80, 100 என்று தொடக்கத்திற் குறிக்கப்பட்டிருக்கும். பின்னே தற்காலிகமாக ஒரு சிவப்புப் படத்தை வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்தால் குறைகள் நன்கு புலப்படும். வெளிச்சம் சரியாக அமைந்திருந்தால் இவ்வளவுகளைப் பெரிதும் மாற்ற வேண்டிவராது. மிகுதியாக மாற்ற நேர்ந்தால், கம்ப்யூட்டரை விட்டு எழுந்துபோய் விளக்கைச் சரிசெய்வதே வழி. நான் அன்று செய்யாதது இதுவே.

பின்னே வைக்கும் படம்

வயற் படத்தில் வெயில் இடப்பக்கமிருந்து வீசினால், பேசுபவருக்கும் விளக்கு இடப்பக்கமே இருக்கவேண்டும். வயற் படமும் கண்மட்டத்திலிருந்து எடுத்ததாக இருக்கவேண்டும். வயல் எவ்வூரில் எம்மாதத்தில் எடுத்தது என்பதைப் படத்தின் அடியில் எழுதுக. வேறிடத்தில் விளைந்த பயிரைப் பின்னே நிறுத்திக்கொண்டு, தம் முறையால் விளைந்ததுபோல் தோன்றச் செய்வது பாடம் ஆகாது. அது ஒருமுறை வெளிப்பட்டால் அதன்பின் மெய்யைச் சொன்னாலும் ஊரார் நம்பார்.

எங்கே திரை வேண்டாம்

வயலிற் செய்யும் காரியத்தை வயலிலேயே படம் பிடிக்கவேண்டும். நடவு இடைவெளி, நீர் கட்டும் அளவு, களைக்கருவி ஓட்டுதல் முதலியவற்றிற்குத் திரை வீண். நிறத்தை வைத்தே முடிவு செய்யவேண்டிய விஷயத்தில் எந்தப் படத்தையும், நீலத் திரையில் எடுத்ததைக் கூட, அளவுகோலாகக் கொள்ளும்படி சொல்லலாகாது. ஒவ்வொரு கைப்பேசியும் நிறத்தை ஒவ்வொரு விதமாகக் காட்டும்.

ஆகவே நான் இப்போது எடுக்கும் படங்களில் முறையை மாத்திரம் காட்டுகிறேன். நட்ட 14-ம் நாள் முதல் வாரந்தோறும், காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், பத்துச் செடிகளில் முழுதும் விரிந்த மேலிலையின் நடுப்பாகத்தை அட்டையோடு ஒப்பிடுக. உடல் நிழலில் வைத்துப் பார்க்க. ஒருவரே ஒவ்வொரு முறையும் பார்க்க. வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குப் பத்தில் ஆறு இலையேனும் குறைந்திருந்தால் மேலுரம் இடுக. ‘நிறத்தைப் படத்திற் பாராதீர்கள், அட்டையைக் கையிலெடுத்து உங்கள் வயலிற் பாருங்கள்’ என்று படத்தின் முடிவில் தவறாமற் சொல்லிவருகிறேன்.

சுருக்கம்

1. காட்டும் பொருளில் இல்லாத நிறத்தையே திரைக்குக் கொள்க. பயிருக்கு நீலம், துத்தத்துக்குப் பச்சை, மருந்து டப்பாவுக்கு வெறுஞ்சுவர்.
2. துணி பளபளப்பின்றிச் சுருக்கமின்றி இருக்கட்டும். பேசுபவர் 6 அடி முன்னே இருக்கட்டும்.
3. துணிக்கும் ஆளுக்கும் தனித்தனி வெளிச்சம் தருக.
4. காமெராவின் ஒளியளவையும் நிறத்தையும் பூட்டுக.
5. முதலில் ஒரு நிமிஷம் பிடித்து, கையிலுள்ள பொருளையும் படத்திலுள்ள பொருளையும் அருகருகே வைத்து நிறத்தை ஒப்பிட்ட பின்னரே பாடத்தைத் தொடங்குக.

ஐந்தாவதற்கு ஐந்து நிமிஷம் கூடப் பிடிக்காது. அதை நான் அன்று செய்திருந்தால், அந்த வயல் வெளுத்திராது. மிராசுதாரர்களும் கிராம அலுவலர்களும் தத்தம் ஊரில் இத்தகைய படம் எடுப்போரிடம் இதை எடுத்துச் சொல்வார்களாக.